ட்ரைவால் ஓட்டைக்கும் பழைய பிளாஸ்டர் வெடிப்புக்கும் எந்தக் காம்பவுண்ட், எந்தப் பதம்?

டொராண்டோவின் கிழக்கே 1950களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பிற்பாடு சேர்த்துக் கட்டிய படுக்கையறையின் ட்ரைவால் (காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை) சுவரில் கதவுக் கைப்பிடி மோதி உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. கூடத்தின் பழைய பிளாஸ்டர் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து உட்கூரை வரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. கடையில் வாளியிலும் பெட்டியிலும் பையிலுமாக ஏழெட்டு வகை ஜாயின்ட் காம்பவுண்ட் அடுக்கியிருப்பதைப் பார்த்துக் குழம்பி, ஊரில் பூசுகிற வால் புட்டியே போதாதா, ஒன்று மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்குவது, தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நகரத்தில் பல ஆண்டுகளாகச் சுவர் செப்பனிடும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். தண்ணீரில் கலக்கும் பொடி வகையில் 45 அல்லது 90 என்று எண் போட்ட, தேய்க்கக்கூடியது என்று எழுதியிருக்கும் பை ஒன்று. கலந்து வரும் வகையில் ஆல் பர்ப்பஸ் என்று எழுதியிருக்கும் சிறிய வாளி ஒன்று. உங்கள் இரண்டு பழுதுகளுக்கும் இவை இரண்டுமே வேண்டும். எதை எந்த அடுக்கில் பூசுகிறோம் என்பதில்தான் வேலை நிற்பதும் பெயர்வதும் இருக்கிறது.

வால் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நாம் பட்டி பார்க்கப் பயன்படுத்தும் புட்டி, வெள்ளை சிமெண்ட்டை அடிப்படையாகக் கொண்டு, செங்கல் சுவரின் மேல் பூசிய சிமெண்ட் பூச்சுக்கென்று செய்யப்பட்டது. சுவரை நனைத்துவிட்டுப் பூசினால் அது அந்த ஈரத்தைக் கொண்டே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே சுவரின் முகம் காகிதம். அரை அங்குல ஜிப்சம் பலகையின் இரு புறமும் காகிதம் ஒட்டி, 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச் சட்டங்களில் திருகாணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை நனைத்தால் உப்பி எழும்பும். தவிர, குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு மரம் சுருங்கும், கோடையில் ஊதும். பலகைகளின் இணைப்பும் அதோடு சேர்ந்து அசையும். அசைகிற இடத்தில் வெறும் பூச்சு எதுவும் நிற்காது; டேப் ஒட்டி, அந்த டேப்பைப் பிடித்துக்கொள்ளும் பசைத்தன்மை உள்ள பொருளைப் பூச வேண்டும். அதற்காகவே உண்டானது ஜாயின்ட் காம்பவுண்ட். வேலைக்காரர்கள் வாயில் அது வெறும் ‘மட்’.

கடையில் எத்தனை பெயர் இருந்தாலும் அடிப்படையில் காம்பவுண்ட் இரண்டே வகைதான்: உலர்ந்து கெட்டியாவது ஒன்று, இறுகிக் கெட்டியாவது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே நடப்பது வேறு வேறு.

வாளியில் கலந்து வருவது உலரும் வகை. அதில் பெரும்பகுதி நன்றாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள். அதோடு களிமண், மைக்கா போன்றவையும், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வினைல் வகைப் பசையும், கெட்டுப்போகாமல் இருக்க மருந்தும், தண்ணீரும் இருக்கும். தண்ணீர் ஆவியாகி வெளியேறினால் பசை தூளைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் கதை. ஆகவே வெளியேறிய தண்ணீரின் இடம் அளவுக்கு அது சுருங்கியே தீரும். ஆழமான குழியை இதனால் ஒரே தடவையில் நிரப்பினால், மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, இரண்டு நாளில் வற்றிய குளத்து மண்போல் பாளம் பாளமாக வெடிக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பூச்சில் ஏற்றக்கூடாது என்பது என் கணக்கு. இந்த வகையின் நன்மையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது: நடந்திருப்பது வெறும் உலர்தல் என்பதால், காய்ந்த பின்னும் ஈரப் பஞ்சால் துடைத்தால் இளகும், உப்புத்தாளால் தேய்த்தால் மாவாக உதிரும். மேல்பூச்சை வழவழப்பாக முடிக்க இதைவிட வசதியானது இல்லை.

வாளி வகைக்குள் மூன்று பிரிவு உண்டு. டேப்பிங் என்று எழுதியிருப்பதில் பசை அதிகம். டேப்பை நன்றாகப் பிடிக்கும், தேய்ப்பது சிரமம். டாப்பிங் அல்லது ஃபினிஷிங் என்று எழுதியிருப்பதில் பசை குறைவு. மெல்லிய கடைசிப் பூச்சுக்கு அருமையாக இருக்கும், ஆனால் அதை வைத்து டேப் ஒட்டினால் பின்னாளில் டேப் உரிந்துவரும். ஆல் பர்ப்பஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இரண்டு இடத்தில் பழுது பார்க்கப் போகிறவருக்கு அதுவே போதும். பச்சை மூடி, நீல மூடி என்று நிறத்தைச் சொல்லி வாங்கிவரச் சொல்வார்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே மூடியைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள்.

பையில் பொடியாக வருவது பெரும்பாலும் இறுகும் வகை. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், உலரும் வகையும் சில இடங்களில் பொடியாகக் கிடைக்கிறது. பையில் நிமிட எண் இல்லையென்றால் அது உலரும் வகை என்று சந்தேகப்படுங்கள். இறுகும் வகையின் உயிர் ஜிப்சம். பூமியிலிருந்து எடுக்கும் ஜிப்சத்துக்குள் படிகமாகவே தண்ணீர் அடங்கியிருக்கிறது, எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக. அதை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். கிடைக்கும் பொடிதான் நாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று அறிந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் இழந்ததை வாங்கிக்கொண்டு பொடி மீண்டும் கல்லாகிறது, ஊசி ஊசியான படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, கலவை கையில் சுடும் அளவுக்குச் சூடாகிறது. இது வேதிவினை. காற்று வேண்டாம், வெயில் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் போட்டாலும் இறுகும். சுருக்கம் மிகக் குறைவு. இறுகியதை மறுபடி தண்ணீர் விட்டு இளக்கவும் முடியாது.

பையின் மேல் இருக்கும் 5, 20, 45, 90, 210 ஆகிய எண்கள் இறுகுவதற்கு ஆகும் நிமிடங்களைச் சுமாராகக் குறிப்பவை. 45 என்றால் முக்கால் மணி நேரம் நிதானமாகப் பூசலாம் என்று பொருள் அல்ல. அரைமணி ஆகும்போதே கலவை திரள ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு பூசும் தகட்டால் இழுத்தால் கட்டி கட்டியாகப் பிய்ந்து வரும். புதிதாகச் செய்கிறவர் 20ஐத் தொடவேண்டாம். 5 எனக்கே ஆகாது. கை பழகும்வரை 90 நல்லது. ஒரே நாளில் மூன்று பூச்சு முடிக்க வேண்டும் என்று அவசரம் இருந்தால் 45.

இதில் இன்னொரு பிரிவும் உண்டு. டுராபாண்ட் என்ற பெயரில் இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் பழைய வகை, இறுகிவிட்டால் கல்தான். உப்புத்தாள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தேய்க்கக்கூடிய வகை என்று விற்பது எடை குறைந்தது, அதைவிட மென்மையானது, தேய்ந்து கொடுக்கும். ஆழமாக உடைந்த பிளாஸ்டரை நிரப்பவும் மூலைகளுக்கு முதல் பூச்சு கொடுக்கவும் நான் டுராபாண்டை விரும்புகிறேன். ஆனால் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகவே அதை நிறுத்தவேண்டும் என்ற ஒழுக்கம் கைக்கு வரவேண்டும். மேடாக விட்டுவிட்டால் அன்று மாலை உளி தேடுவீர்கள். ஆகவேதான் உங்களுக்குத் தேய்க்கக்கூடியதைச் சொன்னேன்.

இவ்வளவிலிருந்து தேர்வு தானாகவே வந்துவிடும். ஆழத்துக்கும் பலத்துக்கும் இறுகும் வகை. வழவழப்புக்கு உலரும் வகை. முதல் பூச்சு எப்போதும் கடினமானதாகவும் கடைசிப் பூச்சு மென்மையானதாகவும் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கி, மென்மையான வாளிப் பூச்சின் மேல் கடினமான ஜிப்சத்தை ஏற்றினால், மேலே இருப்பது இறுகும்போது கீழே இருப்பதைப் பிடித்து இழுத்து, அடியோடு தகடாகப் பெயர்ந்துவிடும். டேப் விஷயத்திலும் இதுவே செல்லும்: தானே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி இழை வலை டேப்பைப் பயன்படுத்தினால் அதன் மேல் முதல் பூச்சு கட்டாயம் இறுகும் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் வலை இழுபட்டுக் கொடுக்கும், மென்மையான பூச்சு அந்த இழுவையைத் தாங்காமல் மயிரிழையாக வெடிக்கும். காகித டேப் என்றால் டாப்பிங் தவிர எந்த வகையிலும் பதிக்கலாம்.

கலப்பதற்கு வருவோம். முதல் விதி, வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் நனையாத மாவு உருண்டை உருண்டையாக நிற்கும். கேசரிக்கு ரவையைக் கொட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையில் கொடுத்திருக்கும் அளவே சரியான அளவு; ஒரு சிறிய ஒட்டுவேலைக்கு மொத்தப் பையையும் கலக்கப் போவதில்லை என்பதால், ஒரு குவளைத் தண்ணீருக்கு இரண்டு குவளைப் பொடி என்று தொடங்கி, பதம் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். குழியை நிரப்பவும் வெடிப்பை அடைக்கவும் கெட்டித் தயிர் பதம்: தகட்டில் எடுத்து லேசாகச் சாய்த்தால் நகரக்கூடாது, குலுக்கினால் நகர வேண்டும். டேப் பதிக்க அதைவிடச் சற்று இளக்கம். கடைசி மெல்லிய பூச்சுக்கு இட்லி மாவு பதம்.

பொடியைத் தூவி, ஓரிரு நிமிடம் கிளறி, பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் தூளின் ஒவ்வொரு துகளும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். இறக்கிவைக்கும்போது நீர்த்ததாகத் தெரிந்தது, திரும்பக் கிளறும்போது கெட்டிப்பட்டிருக்கும். இந்த ஓய்வைக் கொடுக்காமல், இளக்கமாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு கை பொடியைப் போட்டு, பிறகு கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் ஊற்றி, மாறி மாறிச் சேர்த்து வாளி நிறையக் கலவை செய்துவிட்டு நிற்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. டிரில்லில் மாட்டும் துடுப்பால் கலக்கினால் மெதுவான வேகத்தில் கலக்குங்கள். வேகமாகச் சுற்றினால் காற்று உள்ளே போய், பூசிய பிறகு ஊசி குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் தோன்றும். மூன்று லிட்டருக்குக் குறைவான கலவைக்குக் கையும் கரண்டியும் போதும்.

சுத்தமான ஜிப்சப் பொடி 100 கிராம் கல்லாவதற்கு உண்மையில் 19 கிராம் தண்ணீர்கூட வேண்டாம். நாம் பூசும் பதத்துக்காக ஊற்றுவது அதைப்போலப் பல மடங்கு. வினைக்குத் தேவையில்லாத அந்த உபரித் தண்ணீர் பிறகு மெல்ல ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாகிறது. அதனால்தான் தண்ணீர் கூடக் கூடப் பூச்சு பலவீனமாகிறது. இறுகிக் கல்லான பிறகும் அது ஈரமாகவே இருக்கிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை பெயின்ட் அடிக்கக்கூடாது.

இறுகும் வகையில் இன்னொரு விதி, வாளியும் கரண்டியும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது. இதை நான் கற்றது ஒரு பழைய வீட்டின் மாடிப்படிச் சுவரில். முதல் வாளிக் கலவை நன்றாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. அவசரத்தில் வாளியைக் கழுவாமல், ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தின் மேலேயே அடுத்த கலவையைப் போட்டேன். ஏணியில் ஏறி மூன்று இழுப்பு இழுப்பதற்குள் தகட்டின் கீழ் மணல்போல் நெறநெறவென்றது. கீழே இறங்கிப் பார்த்தால் வாளிக்குள் செருகிய கரண்டி நிமிர்ந்து நின்றது, வாளி சுட்டது. பழைய மிச்சத்தில் இருக்கும் ஜிப்சப் படிகங்கள், பாலுக்கு உறை மோர் எப்படியோ அப்படி, புதுக் கலவைக்கு வித்தாகி வினையைத் துரத்தும். வெந்நீரும் அவ்வாறே விரைவுபடுத்தும். ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவுங்கள், குழாயிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரையே எடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசி முடிக்கும் அளவுக்கு மேல் கலக்காதீர்கள். திரள ஆரம்பித்த கலவைக்குத் தண்ணீர் விட்டு உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள். பின்னிக்கொண்ட படிகங்களை உடைத்துவிட்டால் அது மறுபடி பின்னாது, சுவரில் காய்ந்த பின் விரலால் சுரண்டினாலே உதிரும்.

வாளி வகைக்கு இந்தப் பதற்றம் எதுவும் இல்லை. வேண்டிய அளவைத் தனியாக எடுத்துக்கொண்டு, மேசைக்கரண்டியால் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து இளக்குங்கள். 17 லிட்டர் அளவு காம்பவுண்டுக்கு அரை லிட்டர் தண்ணீரே பூசும் கைக்கு வித்தியாசம் தெரியும் அளவுக்கு மாற்றிவிடும். ஆகவே ஒரு லிட்டர் எடுத்தால் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். சுவரில் தடவிக் காய்ந்த பொருக்குகளை மீண்டும் வாளிக்குள் வழித்துப் போடாதீர்கள். ஒரு கடுகளவுப் பொருக்கு போதும், அடுத்த பூச்சில் தகடு இழுத்த இடமெல்லாம் கோடு விழும். மூடுவதற்கு முன் வாளியின் உட்சுவரை வழித்துவிட்டு, மேல்பரப்பை ஒரு பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் போர்த்துங்கள். இந்த ஊரில் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாளியைக் குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜில் வைக்காதீர்கள். உறைந்து உருகி, திரிந்த பால்போல் ஆகிவிடும். திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

இப்போது உங்கள் ஓட்டை. உள்ளங்கை அளவு ஓட்டையை வெறும் காம்பவுண்டால் அடைக்க முடியாது, பின்னால் தாங்கல் வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பலகையைச் சதுரமாக வெட்டிச் சீராக்குங்கள். வெட்டுமுன் உள்ளே மின்கம்பி ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஓட்டையைவிட நீளமான மரப்பட்டை இரண்டை உள்ளே நுழைத்து, சுவர்ப் பலகையின் வழியாகத் திருகாணி போட்டுப் பின்புறம் இறுக்குங்கள். அதே கனமுள்ள பலகைத் துண்டை ஓட்டைக்கு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக வெட்டி அந்தப் பட்டைகளின் மேல் திருகுங்கள். திருகாணித் தலை காகிதத்தைக் கிழிக்காமல், அதை அமுக்கிக்கொண்டு சற்றுக் குழிந்து நிற்க வேண்டும். சுற்றிலும் தொங்கும் காகிதப் பிசிறுகளை வெட்டி எடுத்துவிடுங்கள். பூச்சின் ஈரத்தில் அவை கொப்புளமாக எழும்பும்.

இடுக்குகளைக் கெட்டித் தயிர் பதத்தில் கலந்த இறுகும் வகையால் முதலில் அடையுங்கள். அது இறுகியதும் நான்கு பக்கமும் காகித டேப். டேப்பின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு இருக்க வேண்டும்; அதன் மேல் டேப்பை வைத்து ஆறு அங்குலத் தகட்டால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி இழுக்கும்போது இரு ஓரமும் காம்பவுண்ட் பிதுங்கி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிதுங்காத இடத்தில் அடியில் பூச்சு இல்லை என்று பொருள். அந்த இடம்தான் நாளை கொப்புளமாகும், இப்போதே தூக்கி மறுபடி பதியுங்கள். இரண்டாம் பூச்சு பத்து அங்குலத் தகட்டாலும், மூன்றாவது பன்னிரண்டு அங்குலத் தகட்டாலும், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அகலமாக, ஓரம் காகிதம்போல் மெலிந்து முடியும்படி. இவ்விரண்டும் ஆல் பர்ப்பஸ். ஒட்டிய இடம் சுவர் மட்டத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் மேடாகத்தான் இருக்கும், அதை ஒழிக்க முடியாது. ஒன்றரை அடி அகலத்துக்குச் சரிவாக இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பட்டி பார்ப்பதில் பாதி, கண்ணை ஏமாற்றுவதுதானே.

பிளாஸ்டர் சுவர் இவ்வளவு எளிதல்ல, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்கரான ஆகஸ்டின் சாக்கெட் 1894லேயே பிளாஸ்டரும் காகிதமும் அடுக்கிய பலகைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் வட அமெரிக்க வீடுகளில் ட்ரைவால் பரவலாக ஆட்சிக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. அதற்கு முந்தியவற்றில் மெல்லிய மரப்பட்டைகளை இடைவெளி விட்டு ஆணியடித்து, அவற்றின் மேல் மூன்று பூச்சாகச் சாந்து பூசினார்கள். இடைவெளிக்குள் பிதுங்கிப் போன சாந்து, பட்டைக்குப் பின்னால் கொக்கிபோல் வளைந்து பிடித்துக்கொண்டுதான் சுவர் நிற்கிறது. 1950களின் வீடுகளில் மரப்பட்டைக்குப் பதிலாகச் சிறிய ஜிப்சம் பலகைகளை அடித்து, அதன் மேல் பிளாஸ்டர் பூசியிருப்பதும் மிகச் சாதாரணம். உங்களுடையது எது என்று அறிய, மின் சுவிட்சின் மூடித் தகட்டைக் கழற்றி வெட்டு முகத்தைப் பாருங்கள்.

வெடிப்பைத் தொடுவதற்கு முன் அதன் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். அசைந்தாலோ, தட்டினால் பொக்கென்று ஒலித்தாலோ, பின்னால் கொக்கிகள் முறிந்துவிட்டன என்று அர்த்தம். அதன் மேல் எந்தக் காம்பவுண்ட் பூசினாலும் வீண். பிளாஸ்டர் வாஷர் என்று துளைகள் போட்ட அகலமான வட்டத் தகடு கிடைக்கும். அதைத் திருகாணியில் கோத்து, மரப்பட்டையில் அல்லது சட்டத்தில் பிடித்து, சிறிது சிறிதாக இறுக்கிச் சுவரை மறுபடி பின்னுக்கு இழுத்து உட்கார வைத்த பிறகே பூச்சு. ஜன்னல் மூலையிலிருந்து புறப்படும் வெடிப்பு, திறப்பின் மேல் வரும் பாரம் மூலையில் குவிவதால் வருவது. மிக அகலமாக இருந்தாலோ, ஒரு பக்கம் உள்ளேயும் மறு பக்கம் வெளியேயும் நின்றாலோ, வருடத்துக்கு வருடம் வளர்ந்தாலோ அது பட்டி வேலை அல்ல, அஸ்திவாரத்தைப் பார்க்கிறவரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

தேய்ப்பதற்கும் சுரண்டுவதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது தூசி. பழைய ஜாயின்ட் காம்பவுண்டிலும் பிளாஸ்டரிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சுவர் ஒட்டுக் காம்பவுண்டுகளில் அதை 1977ல் தடை செய்தார்கள். கனடாவில் 1990க்கு முந்திய வீடு என்றாலே சந்தேகிக்க வேண்டும். 1960க்கு முந்திய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பும் அதிகம். ஆகவே உங்கள் கூடத்துச் சுவரில் சிறு துண்டை நனைத்து எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை உப்புத்தாளைத் தொடாமல் இருப்பதே சரி. பின்னால் சேர்த்த படுக்கையறை எந்த ஆண்டுக் கட்டுமானம் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்நாரும் ஈயமும் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தால், வெடிப்பைச் சுரண்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் அகலப்படுத்துங்கள். மயிரிழையாக இருப்பதன் மேல் பூசினால் பூச்சு உள்ளே போகவே போகாது. உதிர்ந்த தூளை வாக்குவம் போட்டு முழுவதும் எடுத்துவிடுங்கள். இனி முக்கியமான கட்டம்: பழைய பிளாஸ்டர் காய்ந்த செங்கல்போல் தண்ணீரை உறிஞ்சும். வறண்ட வெடிப்புக்குள் இறுகும் வகையைப் பூசினால், வினைக்கு வேண்டிய தண்ணீரைச் சுவர் குடித்துவிட, ஓரத்தில் இருக்கும் ஜிப்சம் இறுகாமலேயே காய்ந்து, பொடியாக நிற்கும். மூன்று மாதத்தில் பழைய வெடிப்பின் ஓரத்திலேயே புது வெடிப்பு வரும். நம் ஊர்க் கொத்தனார் பூச்சுக்கு முன் செங்கல் சுவரில் தண்ணீர் தெளிக்கும் அதே காரணம்தான். தண்ணீர் தெளிப்பானால் உள்ளே நனைத்து, பளபளப்பு மறையும்வரை பொறுத்துப் பூசலாம். அல்லது பிளாஸ்டருக்கென்று விற்கும் ஒட்டுப்பால் (பூச்சு பிடிக்க உதவும் பசைத் திரவம்) வாங்கித் தூரிகையால் தடவலாம். நான் ஆழமான இடங்களில் ஒட்டுப்பாலையே நம்புகிறேன்.

நிரப்புவது இறுகும் வகை, மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக. அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருந்தால் இரண்டு தடவையாக. இறுகியதும் வெடிப்பு நெடுக டேப்; இங்கே நான் வலை டேப்பும் அதன்மேல் இறுகும் வகையும் போடுவேன், வளைந்து வளைந்து ஓடும் வெடிப்பில் காகிதத்தைவிட வலை அடங்கி உட்காரும். கடைசி இரண்டு பூச்சு ஆல் பர்ப்பஸ், அகலமாக. வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் டப்பா வாங்கி அடைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது சில நிமிடங்களில் இறுகிவிடும், தகட்டை இரண்டாவது முறை இழுக்க நேரம் தராது.

பூசிய இடமெல்லாம் கையோடு உரிந்து வருகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். ஊரில் டிஸ்டெம்பர் என்று சொல்வதைப் போன்ற சுண்ணத் தூள் பூச்சு ஒன்றை இங்கும் ஒரு காலத்தில், குறிப்பாக உட்கூரைகளில், அடித்தார்கள். ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்து வெள்ளையாகக் கரைந்து வந்தால் அதுதான்; கழுவி நீக்காமல் அதன் மேல் பூசும் எதுவும் நிற்காது.

உலரும் பூச்சுக்கு அடுத்த பூச்சுவரை ஒரு முழு நாள் கொடுங்கள். அறை 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் வேலையே தொடங்க வேண்டாம். கோடையில் புழுக்கமான பேஸ்மென்ட்டில் இரண்டு நாள்கூட ஆகும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றுக்கு நேரே வைத்து அவசரப்படுத்தினால் ஓரம் சுருண்டு வெடிக்கும். நிறம்தான் அடையாளம்: ஈரம் இருக்கும்வரை மங்கிய சாம்பலாக, திட்டுத் திட்டாகத் தெரியும், முழுவதும் ஒரே வெள்ளையாக மாறிய பிறகே அடுத்தது.

தேய்க்க வேண்டிய அளவுக்கு மேடு விட்டிருந்தால் முதலில் தகட்டாலேயே சீவி எடுத்து, மிச்சத்தை ஈரப் பஞ்சால் தடவிச் சமப்படுத்துங்கள். தூசி பறக்காது, நுரையீரலுக்கும் நல்லது. உலர்ந்த உப்புத்தாள்தான் வேண்டுமென்றால் 150ஆம் எண், கையில் அழுத்தம் இல்லாமல், முகக்கவசத்தோடு. காகிதத்தில் பஞ்சு எழும்பும் அளவுக்குத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் நேர்வெளிச்சம் மறைத்த குழிமேடெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்துச் சரிசெய்த பின் ப்ரைமர். ப்ரைமர் இல்லாமல் நேரே பெயின்ட் அடித்தால், பூச்சு உறிஞ்சும் அளவும் பழைய சுவர் உறிஞ்சும் அளவும் வேறாக இருப்பதால், ஒட்டிய இடம் பளபளப்புக் குறைந்து ஜன்னல் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

கடைசியாக, மீந்த இறுகும் கலவையைச் சிங்க்கில் கொட்டிக் கழுவாதீர்கள். தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று மேலே சொன்னது குழாயின் வளைவுக்கும் பொருந்தும். பிளம்பருக்குக் கொடுக்கும் தொகையில் பத்துப் பை வாங்கலாம். வாளியிலேயே விட்டு இறுகவிடுங்கள். மறுநாள் பிளாஸ்டிக் வாளியின் பக்கங்களை இரண்டு கையாலும் அமுக்கினால் முழுக் கட்டியாகக் கழன்று விழும், குப்பையில் போட்டுவிடலாம்.